ராசா பங்களாவில் ஒரு கிளாக்கர்

மகளுக்கு இன்டவியூ என்றதும் புவனேந்திரன் தன் கறுப்புச் சப்பாத்தைத் தேடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இன்டவியூ அவருக்கில்லை. அதை மனைவி தனுஜா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அவ தனியாப் போவா. கண்டிக்கே மூனு வருஷம் தனியாப் போயி டிப்ளோமா படிச்ச புள்ள. இந்தா இருக்கிற பெரகலைக்கு ஒங்க தொண எதுக்கு?"

"கண்டி வேற. இது பங்களா. பங்களாவுக்குப் போறதுக்கு ஒரு முறை இருக்கு. இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."

அதில் பொய்யில்லை. பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷம் கிளாக்கராக இருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். தொழிலாளர் லயத்தில் பிறந்து தோட்டக் கந்தோரில் எழுதுகிற மேசை வரைக்கும் வந்த மனிதர். தோட்டத்தை நடத்தும் பெரியதுரையின் பங்களாவுக்கு மாதத்தில் நாலு தடவையாவது, ஆட்களின் வேலைநாளும் சம்பளமும் எழுதுகிற செக்ரோலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இன்டவியூ நடக்கிற இடம் ராசா பங்களா. பெரகல சந்திக்கு மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்தி, வெள்ளைக்காரச் சக்கரவர்த்தியின் மகன் வந்து தங்குவதற்கென்று கட்டிய அறுபத்து நாலு அறை மாளிகை. கட்டி முடிக்க ஏழு வருஷம். இளவரசர் கப்பலில் வந்து கொழும்பில் இறங்கினாராம். அன்றைக்கு இந்தப் பக்கம் அடித்த மழையில் மண் சரிந்து பாதை மூடிப்போக, அப்படியே திரும்பிப் போய்விட்டாராம். ஆள் வராத மாளிகையில் கம்பெனிக்காரன் இருந்தான், பிறகு அரசாங்கம் இருந்தது, பிறகு வௌவால் இருந்தது. இப்போது ஒரு அறக்கட்டளை எடுத்து, மாடியில் தளபாட மியூசியம், கீழே ஒரு பக்கம் கடிகார மியூசியம், மறுபக்கம் தேயிலை மியூசியம் என்று மூன்றாகப் பிரித்து டிக்கட் போட்டு நடத்துகிறது. அங்கே தமிழில் விளக்கம் சொல்ல ஒரு ஆள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. விதுஷா டிப்ளோமாவை முடித்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தாள். பதினாலு இடத்துக்குப் போட்ட விண்ணப்பத்தில் பதில் வந்த ஒரே இடம் இதுதான். இதுவும் கைவிட்டால் கொழும்பில் இருக்கிற சித்தி கூப்பிடுகிற மாதிரி அங்கே துணிக்கடை வேலைக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். அந்தத் துணிக்கடைப் பேச்சு வந்தாலே புவனேந்திரன் எழும்பி வெளியே போய்விடுவார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த நேரம் முதல் அவர் மகளுக்குப் பாடம் எடுத்தார்.

"உள்ள போகும்போது தலய குனியக் கூடாது. கேட்ட கேள்விக்கு மொகத்தப் பாத்துப் பதில் சொல்லணும். நம்ம ஆளுங்க கெட்டதே இந்தக் கூச்சத்தாலதான். அந்தக் காலம் போயிருச்சு. எங்க போனாலும் நேரா, நெஞ்ச நிமித்திப் போகணும்."

"சரிப்பா."

"நான் சொல்றது வெளங்குதா?"

"ஹாலிஎலயில சொன்னதும் வெளங்குச்சு, தெமோதரயில சொன்னதும் வெளங்குச்சு. இப்ப மூனாவது தடவ சொல்றீங்க."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். புவனேந்திரன் ஃபைலை மடியில் நேராக வைத்துக்கொண்டார். சேர்ட்டிஃபிகட் ஃபைல் அவர் கையில்தான் இருந்தது. கிளாக்கர் கையில் காகிதம் இருந்தால்தான் பத்திரம் என்று வீட்டிலேயே வாங்கிக்கொண்டார்.

பெரகலயிலிருந்து த்ரீவீல் பிடித்து மாளிகை வாசலில் இறங்கியபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம். இன்டவியூ பத்தரைக்கு. காற்றில் விதுஷாவின் தலை கலைந்து போயிருந்தது.

"அப்பா, நான் மொகம் கழுவி தலைய சீவிட்டு வாறேன். இந்த டிக்கட் கவுண்டர்கிட்டயே நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க."

"நான் எங்க போகப்போறேன்."

இரண்டு நிமிஷம் நின்றார். அதற்குமேல் முடியவில்லை. போய் 'புள்ள வந்திருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது என்று பட்டது. முன்னால் பார்த்தார். பன்னிரண்டு வெள்ளைக்கல் படி. அதற்கு மேல் மூன்று ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு. கதவு திறந்தே கிடந்தது, வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. திறந்து கிடந்த அந்தக் கதவு அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

பஸ்ஸில் பேசியது வாய். கால்கள் அந்தப் பாடத்தைக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவை படிக்குப் பக்கத்தில் போனதும் இடதுபக்கம் திரும்பி, பூப்பாத்தி ஓரமாக, சுவரை ஒட்டிய ஒற்றையடி வழியில் தாமாகவே நடந்தன. மாளிகையின் முதுகுப்பக்கம், பழைய சமையல்கட்டான குசினி வாசலில் போய் நின்ற பிறகுதான் புவனேந்திரனுக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அதற்குள் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கவும் ஒரு மாதிரியாக இருந்ததால் மற்றதையும் கழற்றினார். போனையும் எடுத்துச் சத்தம் வராமல் அமத்தினார். பங்களாவுக்குப் போகிற முறை அது.

உள்ளேயிருந்து கறுப்பு டீசேட் போட்ட ஒரு இளைஞன் வந்தான். கழுத்தில் தொங்கிய அட்டையில் றிஸாத் என்று பெயர், மண்டப மேற்பார்வை என்று உத்தியோகம்.

"எங்கண்ணே ஈந்தீங்க இவ்வளவு நேரம்? எட்டரைக்கு ஆளனுப்புறண்டு சொன்னாங்க. சரி, பரவால்ல. அந்தா, ஆளுகள் உக்கார மூனு கதிர. தேயிலப் பக்கம், துரை ரூமுக்குக் கொண்டு போங்க. இன்டவியூ பண்ற மிஸ்மார் இப்ப அங்க வருவாங்க."

நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லத்தான் புவனேந்திரன் வாயைத் திறந்தார்.

"சரிங்க தம்பி," என்று வந்தது.

அவருக்கு வாய் அப்படி. முதலில் சரிங்க என்று சொல்லிவிடும். மற்றதையெல்லாம் பிறகுதான் யோசிக்கும். இப்போதும் பிறகு யோசித்தார். கதிரையைக் கொண்டு போனால் நேராக இன்டவியூக்காரர்களிடமே போய்ச் சேரலாம், ஃபைலையும் கையில் கொடுத்துவிடலாம், இது நல்லதுக்குத்தான் என்று முடிவு கட்டினார். பிழையான பாதையில் போகிறவனுக்குத்தான் இப்படி நல்ல நல்ல யோசனையெல்லாம் வரும்.

ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கதிரையைத் தூக்கினார். இருட்டான ஒரு நடையைத் தாண்டியதும் திடீரென்று வெளிச்சம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை, அதிலிருந்து தொங்குகிற கண்ணாடி விளக்கு. கீழே பளபளவென்று தேக்குப் பலகை. அதில் தன் வெறுங்கால் பதிந்து பதிந்து வருவதைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. கடிகார மண்டபத்தில் நாற்பது கடிகாரம் இருந்தது. ஒன்றாவது இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒன்று பத்தே காலைக் காட்டியது, ஒன்று பன்னிரண்டைக் காட்டியது, ஒன்று ஆறு மணியிலேயே நின்றுவிட்டது. எதை நம்புவது என்று தெரியாமல் காலை எட்டி வைத்தார்.

மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதில் ஒரு அம்மா கேட்டார்:

"அய்யா, டொய்லட் எந்தப் பக்கம்?"

"நேராப் போயி இடது பக்கங்க," என்றார் புவனேந்திரன். அவருக்கு அது தெரியாது. ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லாமல் நிற்பது பழக்கமில்லை. அந்தக் குடும்பம் நேராகப் போய் இடதுபக்கம் திரும்பி, ஒரு பீரங்கிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

துரை ரூம் என்று போட்டிருந்த அறையில் மங்கலான வெளிச்சம்தான். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெரிய மேசைக்குப் பின்னால் ஒரு துரை உட்கார்ந்திருந்தார். காக்கிக் கால்சட்டை, நீளச் சொக்ஸ், கையில் பேனை, முன்னால் விரித்த செக்ரோல்.

"குட் மோர்னிங் சேர்," என்றார் புவனேந்திரன்.

துரை பேசவில்லை. அதில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. துரைமார் அப்படித்தான், தலை நிமிர நேரமாகும். இரண்டு கையிலும் கதிரையோடு காத்து நின்றார். ஒரு நிமிஷம் போனது. பிறகுதான் இந்த ஆள் கண்ணைச் சிமிட்டவே இல்லையே என்று நினைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். மெழுகு. மூக்கின் மேல் தூசி படிந்திருந்தது.

யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றது இன்னொரு பொம்மை மட்டும்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். கிளாக்கர். அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி போய் மூன்றாவது கதிரையை எடுத்து வந்தார்.

மேசையை விட்டுத் தள்ளி, மற்ற இரண்டோடு அதை வைக்கிற நேரம்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் மியூசியப் பொறுப்பாளர் ஸவாஹிரா மிஸ், பதுளை டவுன்காரி. அடுத்து கிருஷ்ணராஜ் சேர், ஒரு காலத்தில் தோட்டங்களில் சின்னத்துரையாக இருந்தவர், இப்போது இந்த அறக்கட்டளைக்கு ஆலோசனை சொல்கிறவர். அவர்களுக்குப் பின்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண், கையில் நோட்டுப்புத்தகம். கடைசியாக விதுஷா. அவள் கண் சிவந்திருந்தது.

"சேர்ட்டிஃபிகட் ஒண்டும் இல்லாம எப்படி மகள் இன்டவியூக்கு வாறது?" என்று கேட்டுக்கொண்டே ஸவாஹிரா மிஸ் உட்கார்ந்தார்.

"எங்க அப்பாகிட்ட இருக்கு மிஸ். பதினொரு தடவ கோல் பண்ணிட்டேன், எடுக்க மாட்டேங்கிறாரு. இங்கதான் எங்கயோ..."

"இதுங்களா மிஸ்?" என்று சுவரோரமிருந்து ஒரு கை ஃபைலை நீட்டியது.

விதுஷா திரும்பினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், கடைசியாக வெறுங்காலைப் பார்த்தாள். புவனேந்திரன் அவளுக்குக் கண்ணைக் காட்டினார். என்னைத் தெரியாத மாதிரி இரு என்று அர்த்தம். கதிரை தூக்குகிற கோலத்தில் நிற்கிற ஆளை அப்பா என்று சொன்னால் புள்ளையின் வேலை போய்விடும் என்று அவர் பயந்தார்.

"இது எங்க ஈந்திச்சி?"

"முன்னாடி கெடந்துச்சு மிஸ்."

"நல்லதா போச்சு. நீங்க அங்கேயே நில்லுங்க. முடிஞ்சதும் கதிரய எடுக்கோணும்."

அவர் அங்கேயே நின்றார். நிற்பது அவருக்குத் தெரிந்த வேலை.

ஸவாஹிரா மிஸ் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கேள்வி ஒண்டும் பெரிசா இல்ல. எங்கள இங்க பார்க்க வந்த ஆளுகள் எண்டு நெனச்சுக்கோங்க. இந்த ரூமப் பத்தி பத்து நிமிஷம் தமிழ்ல செல்லுங்க. போர்டுல எழுதி ஈக்கிறதயே வாசிக்கப்படாது. அத நாங்களே வாசிப்போம்."

விதுஷா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். செக்ரோல் என்றால் என்ன, அதில் ஒரு பெயர் வெட்டுப்பட்டால் ஒரு வீட்டில் என்ன நடக்கும், பெரட்டுக் களத்தில் விடிய ஆள் கணக்கு எடுப்பது எப்படி என்றெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். கொழும்புப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். புவனேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அவள் இதைச் சொன்னாள்:

"ஆனா எல்லாத் துரைமாரும் ஒரே மாதிரின்னு நெனச்சிரக் கூடாது. எங்க அப்பா இருவத்தாறு வருஷம் கிளாக்கரா இருந்தவரு. செக்ரோல கொண்டு போனா பெரியதுரை எழும்பி வந்து கைகுடுப்பாராம். எதிர்ல கதிர போட்டு உக்கார வச்சி, ஒரே மேசையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டுத்தான் கணக்குப் பாப்பாங்களாம்."

புவனேந்திரன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். அந்தக் கதையை அவர் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. வர வர அதில் பிஸ்கட்டும் சேர்ந்திருந்தது. நல்லவேளை, புள்ள பிஸ்கட்டை விட்டுவிட்டாள்.

கிருஷ்ணராஜ் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "இருங்கம்மா. ஒரே மேசையில?"

"ஆமாங்க சேர்."

"நான் நாலு தோட்டத்துல சின்னத்துரையா இருந்திருக்கேன். ஒரு எடத்துலயும் நான் பாக்கல. நாளைக்கு ஆராய்ச்சி பண்றவங்க வந்து, இதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

விதுஷாவின் முகம் சுருங்கியது. ஆனால் விடவில்லை. அப்பாவைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"எங்க அப்பாவே சொன்னது சேர். வேணும்னா அவருகிட்டயே கேளுங்க."

"கேக்கலாம். எங்க இருக்காரு?"

"அந்தா நிக்கிறாரே."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்புப் பெண்ணின் பேனை நின்றது. ஸவாஹிரா மிஸ் முதலில் மெழுகுக் கிளாக்கரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் சுவரோரம் பார்த்தார்.

"கதிர கொண்டு வந்த ஆளா?"

"அவருதான் மிஸ் எங்க அப்பா. கதிரைய ஏன் தூக்கிட்டு வந்தாருன்னு எனக்கும் தெரியல."

ஆமாங்க, உண்மைதாங்க, துரை கதிரை போட்டாருங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. சரிங்க, ஆமாங்க என்று இரண்டே வார்த்தையில் வாழ்க்கையை ஓட்டிய மனிதர். ஆனால் கிருஷ்ணராஜ் சேரின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி அவர் கால் விரலில் வந்து நின்றது. தான் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்துகொண்டு, துரை தனக்குக் கைகொடுத்தார் என்று சாட்சி சொல்வது எப்படியிருக்கும் என்று புவனேந்திரனுக்கு விளங்கியது. இதை நம்புகிற ஆள் யாரும் அந்த அறையில் இல்லை, மகளைத் தவிர. மகளுடைய வேலைதான் இப்போது இந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உக்காந்ததில்லங்க சேர்," என்றார்.

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணி குடுத்தாங்க. குசினிப் பக்கத்துப் படியில. அப்பு குடுப்பாரு, அங்க சமைக்கிறவரு. அவருக்கு என்மேல பிரியம், சீனி கூடப் போட்டுக் குடுப்பாரு." ஒரு தரம் மகளைப் பார்த்தார். "துரை கைகுடுத்தது ஒருக்கா உண்மைங்க. இருட்டுல தடுக்கி விழப் பாத்தாரு. நான் புடிச்சேன்."

கொழும்புப் பெண் குனிந்து சிரிப்பை மறைத்தாள்.

"துரை முன்னாடி எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்று கேட்டார் சேர்.

"மாசக் கடைசின்னா ரெண்டு மணித்தியாலம். நீங்க இருந்த தோட்டத்துல எப்பிடிங்களோ."

"அங்கயும் அப்பிடித்தான்," என்றார் கிருஷ்ணராஜ் சேர். கண்ணாடியைத் திரும்பப் போட அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

விதுஷா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா, அழுகையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"நான் இப்ப சொன்னது பிழை. திருத்திச் சொல்றேன். இந்த மேசையக் கவனிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் ஒரு கதிர இருக்கு. இந்தப் பக்கம் இல்ல. வைக்க மறந்து போனதில்ல. கிளாக்கர் இப்பிடித்தான் நிப்பாரு, ரெண்டு மணித்தியாலம். வீட்டுக்குப் போயி, துரை என்னைய உக்கார வச்சாருன்னு புள்ளைகளுக்குச் சொல்லுவாரு. புள்ளைகளும் நம்புவாங்க. இது போர்டுல எழுதியில்ல."

கடிகார மண்டபத்தில் ஏதோ ஒரு கடிகாரம் நேரங்கெட்ட நேரத்தில் ஏழு தடவை அடித்து ஓய்ந்தது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவும் மகளும் வெளியே விறாந்தையில், ஆளுக்கொரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இடையில் றிஸாத் வந்து, "அண்ணே, அந்த மூனு கதிரயும்..." என்று ஆரம்பித்தான். "அவரு எங்க அப்பா," என்றாள் விதுஷா. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய், சப்பாத்தைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

பன்னிரண்டு மணிபோல் ஸவாஹிரா மிஸ் வெளியே வந்தார்.

"ஒண்ணாந் தேதியிலருந்து வாங்க மகள். மூனு மாசம் பாப்போம். அந்தக் கதிர விஷயத்த அப்படியே செல்லுங்க, நல்லா ஈந்திச்சி." பிறகு புவனேந்திரனை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா ஒண்டு. இனி ஆர் என்ன கத செல்லித் தந்தாலும், ஒருக்காவுக்கு ரெண்டு தரம் விசாரிச்சுட்டுத்தான் செல்லோணும்."

பதுளை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பெரகலயிலிருந்து ஏறுகிற வளைவெல்லாம் ஏறி முடித்தது பஸ். பிறகு கேட்டாள்.

"ஏம்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"நீ ரெண்டாம் வகுப்புப் படிக்கையில ஒருக்கா கேட்ட. துரை ஒங்கள உக்காரச் சொல்லுவாராப்பான்னு. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஒருக்கா சொன்னதுக்கப்புறம் நிப்பாட்ட முடியல."

விதுஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"அந்தப் பொம்மைக்கு குட் மோர்னிங் சொன்னீங்களா? றிஸாத் சொன்னான். அங்க கெமரா இருக்காம்."

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

அவள் பையைத் திறந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தாள்.

"சரி. ஒன்னாந் தேதிக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒழுங்கா சொல்லிருங்க. நான் ஆளுங்க முன்னாடி நிக்கணும். தேயில ஸ்டோருக்குள்ள சிறுத்த பூந்துச்சு, நீங்க வெரட்டுனீங்கன்னு சொன்னீங்களே?"

"பூந்தது உண்ம."

"சிறுத்தயா?"

"...பூன. ஆனா கொஞ்சம் பெரிசு."

எழுதிக்கொண்டாள். "லண்டனுக்குப் போன துரை ஒங்களுக்குக் கடிதம் போட்டது?"

"கடிதம் வந்துச்சு. கந்தோருக்கு வந்துச்சு. பிரிச்சது நான்தான்."

"அம்மாவப் பொண்ணு பாக்க துரையோட ஜீப்புல போனது?"

புவனேந்திரன் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அது தேயிலக் கொழுந்து ஏத்துற லொறி. அம்மாகிட்ட கேக்காத, அவளுக்கு ஞாபகம் இருக்கும்."

அப்புத்தளையில் ஆரம்பித்தவர் பண்டாரவளை வந்தும் முடிக்கவில்லை. விதுஷா கொப்பியில் நாலாவது பக்கத்தைப் புரட்டினாள்.